கைதியின் கடிதமும் நீதிமன்றத்தின் கெடுவும்

கேள்வி: அமெரிக்கச் சிறையில் இருக்கும் ஒருவர், காவலர்கள் தம்மை அடித்ததாகவும் பிறகு சிகிச்சை தர மறுத்ததாகவும் தொடுத்த வழக்கு, குறித்த தேதிக்குள் அவர் பதில் தாக்கல் செய்யவில்லை என்ற காரணத்துக்காகவே தள்ளுபடியானது என்று படித்தேன். அடித்தது உண்மையா என்று பார்க்காமலேயே வழக்கை மூடிவிட முடியுமா? அவர் மீண்டும் வழக்குப் போடலாமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: மூடிவிட முடியும். மாநில அதிகாரிகள் மீது சிறைவாசிகள் தொடுக்கும் இத்தகைய வழக்குகள் 1871ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை என்றாலும், அவை நடப்பது மற்ற உரிமையியல் வழக்குகளுக்குப் பொதுவான நடைமுறை விதிகளின்படிதான். வாதி வழக்கை நடத்தத் தவறினால் அல்லது நீதிமன்ற ஆணையை மீறினால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்கிறது 41(பி) விதி. எதிர்த்தரப்பு கேட்காமலே நீதிமன்றம் தானாக அப்படிச் செய்யலாம் என்று 1962இல் லிங்க் எதிர் வாபாஷ் ரயில்ரோடு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வாய்தாவுக்கு வராமல் போனவர் ஒரு வழக்கறிஞர். வர இயலாது என்று அன்று காலையில் தொலைபேசியில் சொல்லும் வசதியாவது அவருக்கு இருந்தது.

சிறைவாசிக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடும் அவர், சிறை நூலகத்தில் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் சட்டம் படித்து, கையால் மனு எழுதி, அதை உறையிலிட்டுச் சிறை ஊழியரிடம் கொடுப்பதோடு அவர் கையில் இருப்பது முடிந்துவிடுகிறது. எந்த நிர்வாகத்தின் ஊழியர்கள் மீது வழக்குத் தொடுத்தாரோ, அதே நிர்வாகத்தின் கையில்தான் அதன்பின் அந்த உறை இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் ஒரு கைதி தமது மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு வந்த 27ஆம் நாளே சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கெடு 30 நாள். நீதிமன்ற அலுவலகத்தின் முத்திரை அதில் விழுந்தது 31ஆம் நாள். அந்த ஒரு நாளுக்காக அவரது மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. 1988இல் ஹூஸ்டன் எதிர் லாக் என்ற அந்த வழக்கில், சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பதைக்கிறது. இதனால்தான் மனுவோடு, எந்தத் தேதியில் அஞ்சலுக்குக் கொடுத்தேன், தபால் கட்டணம் செலுத்தப்பட்டதா என்பதை எழுதிக் கையொப்பமிட்ட உறுதிமொழி ஒன்றையும் இணைத்து அனுப்புவது முக்கியமாகிறது.

இந்தத் தீர்ப்பு சிறைக்குள்ளிருந்து வெளியே போகும் கடிதத்தைக் காக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய கடிதத்தை அல்ல. கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் நீதிமன்ற ஆணை பழைய சிறைக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். புதிய விலாசத்தைத் தெரிவிக்கவில்லை என்பதே தள்ளுபடிக்குக் காரணமாகக் காட்டப்படுவதும் உண்டு. 23 மாதங்கள் தனிமைப்படுத்தி அடைத்து வைத்ததற்கு இழப்பீடு கேட்ட ஒருவருக்கு, அவர் வழக்குத் தள்ளுபடியான செய்தியே ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அவர் அனுப்பிய அறிவிப்பு காலம் கடந்ததாயினும், மேல்முறையீட்டுக் காலம் மீண்டும் திறக்கப்பட்டபின் அதுவே செல்லும், இரண்டாவதாக ஒன்று தேவையில்லை என்று 2025 ஜூன் மாதத்தில் பாரிஷ் எதிர் அமெரிக்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே, நீங்கள் படித்த செய்தியில் அவர் ஏன் தவறினார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தள்ளுபடி என்பது கடைசியாக எடுக்க வேண்டிய கடும் நடவடிக்கை என்றும், அதைவிடச் சிறிய தண்டனை போதுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் முறையீட்டு நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முன்கூட்டியே எச்சரிக்காமல், ஒரே ஒரு கெடு தவறியதற்காக ஒரு கைதியின் வழக்கை நிரந்தரமாக மூடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆணைகளுக்குப் பதிலே வராமல், அவகாசமும் கேட்காமல் இருந்தால், நீதிபதியைக் குறை சொல்வது கடினம்.

மீண்டும் வழக்குப் போடலாமா என்பது ஆணையின் வாசகத்தைப் பொறுத்தது. வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் 41(பி) விதிப்படியான தள்ளுபடி இறுதியானது. அப்போது, மன்னிக்கத்தக்க தவறு என்று காட்டி 60(பி) விதியின் கீழ் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம், அல்லது 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுபடி தொடுக்க அனுமதித்துத் தள்ளுபடி செய்திருந்தாலும் காலவரம்பு குறுக்கே நிற்கும்: டென்னசியில் ஓராண்டு, கலிபோர்னியாவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. முதல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் காலம் கழிந்துவிடுவது சாதாரணமாக நடப்பது. புதிய வழக்குக்குப் புதிதாக 350 டாலர் கட்டணமும் உண்டு. கையில் பணமில்லாதவருக்கும், சிறைவாசிகளின் வழக்குகளுக்கென்றே வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை ரத்து செய்யாது. சிறைக் கணக்கில் பத்து டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் முந்தைய மாத வரவில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளப்படும். தள்ளுபடியான முதல் வழக்குக்கான பிடித்தமும் அதுவரை முடிந்திருக்காது.