ஆய்வுக்கட்டுரை இல்லாமல் கடல்சார் ஃபெல்லோஷிப் கிடைக்குமா?

கேள்வி: கடல் உயிரியலில் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். ஆராய்ச்சியும் பிடிக்கும், கடல் சட்டம், கொள்கை என்று போகவும் ஆசை. சர்வதேச ஃபெல்லோஷிப், இன்டர்ன்ஷிப்புகளில் எனக்கு எது பொருந்தும்? இதுவரை ஆய்வுக்கட்டுரை எதுவும் வெளியாகவில்லை. அது தடையாகுமா?

பதில்: பெரிய தடையில்லை. இன்டர்ன்ஷிப் தருகிறவர்கள் கற்றுக்கொடுக்கத்தான் அழைக்கிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது தகுதி விதிகளைப் பற்றித்தான். நல்ல மாணவர்கள் தங்களுக்குப் பொருந்தாத திட்டத்துக்கு மாதக்கணக்கில் உழைத்துவிடுகிறார்கள்.

கடல்சார் கொள்கை என்று தேடினால் முன்னால் வருவது அமெரிக்காவின் க்னாஸ் ஃபெல்லோஷிப். 1979இல் தொடங்கியது. ஓராண்டு காலம் வாஷிங்டனில், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலோ அரசுத் துறையிலோ சம்பளத்தோடு வேலை. அறிவியல் படித்தவர் சட்டம் உருவாகும் இடத்திலேயே உட்கார்ந்து கற்கலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த திட்டம். ஆனால் அமெரிக்கக் கல்வி நிறுவனத்தில் முதுநிலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்களுக்குத்தான் அது. ஐ.நா.வும் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் சேர்ந்து 2004 முதல் நடத்தும் ஒன்பது மாத ஃபெல்லோஷிப்பும் அப்படித்தான்: வளரும் நாடுகளுக்கானது, ஆனால் அரசுப் பணியிலும் அதை ஒட்டிய துறைகளிலும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. இதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், வேலைக்குப் போனபின் பார்க்கலாம்.

சரி, உங்களுக்கு எது? ஆராய்ச்சிப் பக்கம் என்றால் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனம் (MBARI) நடத்தும் கோடைகால இன்டர்ன்ஷிப். முதுநிலை மாணவர்களையும் சேர்க்கிறார்கள். ஆழ்கடல் ரோபோக்களை உருவாக்கும் பொறியாளர்களும் அவற்றை வைத்து ஆராய்கிறவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கே பெரிய லாபம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கோடைத் திட்டமும் புகழ்பெற்றது, ஆனால் அது இளநிலை மாணவர்களுக்கு.

படிப்பு முடிந்து ஆய்வில் இறங்கியதும் போகோ, ஸ்கோர் (POGO, SCOR) என்ற இரண்டு சர்வதேசக் கடலாய்வு அமைப்புகள் சேர்ந்து தரும் போகோ–ஸ்கோர் ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் வேறொரு நாட்டு நிறுவனத்தில் ஒன்று முதல் மூன்று மாதம் கடல் அளவீட்டு முறைகளைக் கற்க உதவுகிறது. உங்களை ஏற்றுக்கொள்ளும் விஞ்ஞானியை நீங்களேதான் பிடிக்க வேண்டும். பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். தயங்காதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதிலுள்ள முறையை உங்கள் எந்தக் கேள்விக்குப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று எட்டுப் பத்து வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பினால் படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கொள்கைப் பக்கம் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் மூன்று மாத இன்டர்ன்ஷிப் தருகிறது. சட்ட மாணவர்களே அதிகம் போகும் இடம். அப்புறம் ஐ.நா. செயலக இன்டர்ன்ஷிப்புகள். இவற்றுக்குச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், விசா எல்லாம் உங்கள் கையிலிருந்து. நியூயார்க் போன்ற நகரத்தில் அது சாதாரணச் செலவல்ல. திறமை இருந்தும் பணமில்லாதவர்கள் வெளியே நிற்கும்படியான இந்த முறை எனக்கு ஒப்புதலில்லை. வேறு உதவித்தொகை கையில் இல்லாமல் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

அறிவியல், கொள்கை இரண்டும் தெரிந்தவர்களின் தேவை இப்போது உண்மையாகவே கூடியிருக்கிறது. எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத கடல்களுக்கான ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்கவும், சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடவும் அது வழிசெய்கிறது. ஓர் உயிரினம் எங்கே இனப்பெருக்கம் செய்கிறது, எந்தப் பாதையில் வலசை போகிறது என்று சொல்லத் தெரிந்தவர் இல்லாமல் அந்த எல்லைக்கோடுகளை வரைய முடியாது. எனவே உயிரியலை விட்டுவிட்டுக் கொள்கைக்குத் தாவ வேண்டாம். உங்களுக்கு அங்கே மதிப்பைத் தரப்போவதே அந்த உயிரியல்தான்.

கட்டுரை இல்லாத குறையை ஈடுகட்டவும் வழி உண்டு. ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4,000, உலகக் கடல்களில் 2,000 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. தரவுகள் எல்லோருக்கும் இலவசம். கடல் உயிரினப் பதிவுகளுக்கு ஓபிஸ் (OBIS) தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டை ஒட்டிய சிறிய கேள்வி ஒன்றை இவற்றில் அலசி, இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒன்று, வரைபடங்களோடு ஓர் ஆய்வுக் குறிப்பு; மற்றொன்று, கலைச்சொல் இல்லாமல், மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் படித்ததும் என்ன முடிவெடுக்கலாம் என்று புரியும்படி ஒரே பக்கக் குறிப்பு. இரண்டாவதுதான் கடினம். கொள்கை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.

கோடைகாலத் திட்டங்களுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். தேதிகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பையும் அவரிடம் கொடுங்கள், எழுத அவருக்கு விஷயம் கிடைக்கும்.