திஸ்ஸில் என்னும் முள் களைச்செடியின் இலைக்கு அடியில் காவிப் பொடி: செடியைப் பிடுங்கி எரித்துவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து விட்டுவையுங்கள். நான் பிடுங்கி எரித்தவன், அதனால் சொல்கிறேன்.

உங்களுடையது வேரால் படரும் திஸ்ஸில், அதாவது கிர்சியம் அர்வென்சே என்றே எடுத்துக்கொள்கிறேன். அதோடு நான்கு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வேரில் விரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினாலும் திரும்ப முளைத்துவிடும். ஒரு வசந்த காலத்தில் சில தண்டுகள் மட்டும் வெளிறிப்போய், ஒல்லியாக நெடுநெடுவென்று நின்றன. குனிந்தால் தேன் வாசனை. பூ ஒன்றுகூட இல்லை, வாசனை இலையிலிருந்து வந்தது. ஈக்கள் மொய்த்தன. சில நாளில் இலையின் அடிப்பக்கம் வெடித்துக் காவிப் பொடி விரலில் ஒட்டியது. பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தேன். அடுத்த வருடம் அந்த இடம் முழுக்கத் திடமான பச்சைத் திஸ்ஸில்!

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அது பக்சினியா பங்டிஃபார்மிஸ் என்னும் துருப்பூஞ்சை. அந்த வாசனையே பூச்சிகளை வரவழைத்துத் தன் நுண்வித்துகளைத் தண்டுக்குத் தண்டு சேர்க்கத்தான். இலையுதிர் காலத்தில் துருப்பிடித்த இலைகள், தரையோடு படிந்திருக்கும் புதுக் கன்றுகள்மேல் விழுகின்றன. அங்கிருந்து பூஞ்சை வேருக்குள் இறங்குகிறது. என் மண்வெட்டி எட்டாத இடம் அது. அந்த வேரிலிருந்து வரும் தண்டுகள் பெரும்பாலும் பூக்காமலே மடிகின்றன. இந்தக் களையை அடக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1893லேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் யோசனை எழுந்திருக்கிறது.

"கோதுமைத் துரு வேறு செடிக்குத் தாவுகிறதே" என்று யாராவது வருவார்கள். கோதுமையின் தண்டுத் துரு பார்பெர்ரி என்னும் புதர்ச்செடிக்குப் போய் வரும், உண்மைதான். இந்தத் திஸ்ஸில் துருவுக்கு முழு வாழ்க்கையும் ஒரே செடியில். உங்கள் காய்கறிக்கு வராது. ஒரே வருடத்தில் களை ஒழியும் என்றும் நான் சொல்லவில்லை. குசும்பா என்னும் எண்ணெய்வித்துப் பயிரைப் பயிரிடுபவர்கள் இந்தப் பதிலைப் பின்பற்ற வேண்டாம். அதுவும் திஸ்ஸிலுக்கு உறவுதான், ஆனால் அதைத் தாக்கும் பக்சினியா கார்தமி வேறு துரு, விதையோடும் வரும். அங்கே விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் விதைக்கு மருந்திடுவது, அவசியம்.

இன்னொன்று, இந்தச் செடியைக் 'கனடா திஸ்ஸில்' என்று எழுதுவதை எப்போது நிறுத்துவார்கள்? ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பிறந்த செடி, கனடாவுக்கே அது வந்தேறிய களை. ஒரு நாட்டின் தலையில் வீண்பழி.

போன வாரம் வேலியோரம் மறுபடி அந்தத் தேன் வாசனை. மூன்று தண்டுகள். யாரும் புல்வெட்டியை ஓட்டிவிடாமல் இருக்க, சுற்றிக் குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.