டேர்டெவில்: முதல் இதழைத் தேடி அலையாதீர்கள்

கேள்வி: டி.வி. தொடர் பார்த்ததிலிருந்து டேர்டெவில் காமிக்ஸ் படிக்க ஆசை. இணையத்தில் ஒருவர் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் ‘முதல் இதழ், அரிய பிரதி’ என்று பெரிய விலை சொல்கிறார். அதை வாங்கி அங்கிருந்தே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். எந்த வருஷத்து முதல் இதழ் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 1964, 1998, 2011, 2014, 2015, 2019, 2022, 2023 என்று இத்தனை முறை அதை வெளியிடும் மார்வெல் நிறுவனம் இதழ் எண்ணை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. 2009-இல் 119-க்கு அடுத்த இதழ் 500! அட்டையில் ‘1’ இருந்தால் நாலு பிரதி கூடுதலாகப் போகும் என்ற கணக்குதான். வாசகன் எப்படியாவது குழம்பட்டும், அவர்களுக்கென்ன? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்று அதன்மேல் போட்ட தர மதிப்பெண் செல்லாது. படிக்க முடியாத காமிக்ஸ் உங்களுக்கு எதற்கு? 1964 இதழே கையில் கிடைத்தாலும், அதில் இருப்பவர் மஞ்சள் உடையில் வரும் வேறொரு ஆள் மாதிரி இருப்பார். சிவப்பு உடை 7-ஆம் இதழில்தான் வந்தது.

ஃபிராங்க் மில்லரிடம் தொடங்குங்கள். 1979-இல் 158-ஆம் இதழில் ஓவியராக வந்தவர், 168-இலிருந்து கதையும் எழுதினார். டேர்டெவிலின் பழைய காதலி எலெக்ட்ரா அறிமுகமாவது அங்கேதான். 191 வரை தொகுப்பாகவே கிடைக்கிறது. உதிரி இதழ்களைத் துரத்த வேண்டாம்.

இங்கே ஒரு பொறி. மில்லர், அவரோடு வரைந்த ஜான்சன் என்று இரண்டு பெயரும் போட்ட தொகுப்பை வாங்கினால் ‘பார்ன் அகெய்ன்’ கதை அதில் இருக்காது. மில்லர் 1986-இல் திரும்பி வந்து எழுதியது அது. ஓவியம் டேவிட் மஸுக்கெல்லி. டேர்டெவிலின் நிஜப் பெயர் மாட் மர்டாக். அவருடைய முன்னாள் காதலி கேரன் பேஜ் போதை மருந்துக்காக அந்த ரகசியத்தை விற்றுவிட, வில்லன் கிங்பின் மாட் மர்டாக்கின் வாழ்க்கையைத் துண்டு துண்டாகப் பிடுங்கும் கதை. ‘மில்லர் முழுத் தொகுப்பு’ என்று யாராவது விற்றால் உள்ளே 227 முதல் 233 வரை இருக்கிறதா என்று பாருங்கள். சில பதிப்புகள் 226-இலிருந்து தொடங்கும். அது இல்லையென்றால் குறையொன்றுமில்லை, கதை ஆரம்பிப்பது 227-இல்தான். 233 இல்லையென்றால் மட்டும் வாங்காதீர்கள். இன்னொன்று: 2025 டி.வி. தொடருக்கும் இதே பெயர் வைத்திருக்கிறார்கள். தொடரில் வருகிற மாதிரி கிங்பின் மேயராவது இந்தக் கதையில் கிடையாது, அது பல வருஷம் கழித்து சார்லஸ் சூல் எழுதியது.

அப்புறம் 2001-இல் தொடங்கும் பெண்டிஸ் (கதை) – மலீவ் (ஓவியம்) காலம். டேர்டெவில் யார் என்பது பத்திரிகையில் வந்துவிடுகிறது. அதன் பின்விளைவுதான் முழுக்க. அடுத்து எழுத வந்த புரூபேக்கரின் தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை முதலில் படிக்காதீர்கள். பெண்டிஸ் மாட் மர்டாக்கைச் சிறையில் விட்டுப் போன இடத்தில்தான் அவர் ஆரம்பிக்கிறார், உங்களுக்கு ஒன்றும் புரியாது.

ஆன் நோசென்டி எழுதிய காலமும் நல்லதுதான், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு இருட்டு தாங்காது என்றால் மார்க் வெய்ட் எழுதி 2011-இல் தொடங்கிய வரிசை. முன்கதை தெரியாமலே படிக்கலாம். அட்டையில் ‘1’ போட்டதற்கு நியாயம் செய்த ஒரே தடவை அதுதான் என்பேன்.