லோரிக்காரர் கொட்டிய குப்பைக்கு நான் பொறுப்பாளியா?

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூர், செகாம்புட் வட்டாரத்தில் ஒரு தாமானில், தரை வீட்டில் குடியிருக்கிறேன். என் தந்தை காலமான பிறகு வீட்டைச் சீரமைத்தோம். அவருடைய மெத்தை, இரண்டு அலமாரிகள், பழைய தொலைக்காட்சி, பழுதான குளிர்பதனப் பெட்டி, கட்டுக்கட்டாக நாளிதழ்கள், குளியலறையில் பெயர்த்தெடுத்த டைல்ஸ் ஆகியவற்றை அகற்ற, முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒரு லோரிக்காரருக்கு 250 ரிங்கிட் கொடுத்தேன். எங்கே கொண்டு செல்கிறார் என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அமலாக்க அதிகாரிகளிடமிருந்து வாக்குமூலம் கொடுக்க வருமாறு நோட்டீஸ் வந்துள்ளது. ஆற்றோரத்தில் கொட்டிக் கிடந்த குவியலில் என் தந்தையின் பெயரும் எங்கள் முகவரியும் உள்ள கடித உறைகள் இருந்தனவாம். பணம் கொடுத்து அகற்றிய குப்பைக்கு நான் பொறுப்பாளியா? எங்கள் தெருக்கோடியிலுள்ள காலி நிலத்திலும் அண்டை வீட்டார் சிலர் குப்பை கொட்டுகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். தந்தையை இழந்த துயரம் ஆறுவதற்குள் அவர் பெயர் தாங்கிய உறைகளே உங்களை விசாரணைக்கு அழைத்திருப்பது எவ்வளவு வேதனையளிக்கும் என்பதை உணர்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது குற்றச்சாட்டு அன்று; வாக்குமூலம் பெறுவதற்கான அழைப்பு மட்டுமே. ஆயினும் அதை அலட்சியப்படுத்திவிடாதீர்கள். அழைப்பை மதிக்காமல் இருப்பது தனியாக ஒரு சிக்கலை உண்டாக்கும்.

கோலாலம்பூரில் இத்தகைய விவகாரங்களுக்குப் பொருந்துவது 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 672. அது 2011 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களிலும் சில மாநிலங்களிலும் அமலில் இருந்து வருகிறது. பினாங்கு அதில் சேரவில்லை. அங்கே ஊராட்சிச் சட்டமும் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் பொருந்துவதால், பினாங்கு வாசகர்கள் கீழ்க்காணும் பிரிவு எண்களையும் தண்டனைகளையும் தங்கள் விவகாரத்திற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் 672-இன் 71-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற கழிவு நிர்வாகத் தளத்தைத் தவிர வேறெங்கும் கழிவைக் கொட்டுவதைத் தடுக்கிறது. அதன்கீழ்க் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்படுபவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத, 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதமோ, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆற்றோரக் குவியல் ஒன்றிற்கு இவ்வளவு கடுமையா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் குவியலே மழைக்காலத்தில் வடிகாலை அடைத்து, கீழ்ப்பகுதியில் உள்ளவர்களின் வீட்டுக்குள் வெள்ளம் புகச் செய்கிறது என்பதால், இந்தக் கடுமை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கொட்டியவர் லோரிக்காரர், உங்கள் கை அதில் படவில்லை. எனினும் அவர் சட்டவிரோதமாகக் கொட்டப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்து, தெரிந்தே பணமும் பொருளும் கொடுத்திருந்தால், தண்டனைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் விளக்கப்பட்டுள்ள உடந்தைக் குற்றம் உங்களை நோக்கித் திரும்பக்கூடும். தெரியாது என்பது உண்மையானால் அது வலுவான பதில். ஆனால், தெரியாமல் இருப்பது வேறு. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது வேறு. பின்னதை நீதிமன்றங்கள் அறியாமையாக ஏற்பதில்லை. அதனால்தான் "எங்கே என்று கேட்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தரும் வரியாக இருக்கிறது. நல்ல வேளையாக, நீங்கள் பொதுவெளியில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் வெளிப்படையாகப் பணம் கொடுத்து வேலையை ஒப்படைத்திருக்கிறீர்கள். குப்பையை ஒளித்து வைக்கவோ இரவில் கொண்டுபோய் வீசவோ முயலவில்லை. முகவரி எழுதிய உறை ஒரு சூழ்நிலைச் சான்று மட்டுமே. குப்பை யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். யார் கொட்டினார் என்பதையோ உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதையோ அது காட்டாது. வழக்கு என்று வந்தால், நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பையே சாரும்.

ஆகவே, வாக்குமூலம் கொடுக்கும் நாளுக்கு முன் சான்றுகளைச் சேகரியுங்கள். முகநூல் விளம்பரத்தின் பதிவு, லோரிக்காரருடன் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, அவருடைய தொலைபேசி எண், எவருடைய வீட்டுக் கேமராவிலாவது லோரியின் பதிவு எண் பதிவாகியிருந்தால் அந்தக் காட்சி ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள். இப்போது அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிடவும் வேண்டா. அவர் தம்முடைய விளம்பரத்தை நீக்கிவிட்டால் உங்கள் நிலைதான் பலவீனமாகும். இயன்றால் ஒரு வழக்கறிஞரைக் கலந்து பேசிய பின் செல்லுங்கள். உங்களுக்கே குற்றம் சுமத்தும் தன்மையுடைய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் பொய் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பழைய தேதியிட்ட ரசீது ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி யாரேனும் உங்களுக்கு யோசனை கூறினால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிறிய விவகாரம் போலி ஆவணக் குற்றமாக வளர்ந்துவிடும். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், குற்றவியல் விவகாரங்களில் உதவும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்.

அதிகாரிகள் உங்களுக்குக் கம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் செல்லாமல் செலுத்தித் தீர்க்கும் தண்டத்தொகை, வழங்கினால், அதைச் செலுத்துவதோடு அந்தக் குற்றம் தொடர்பான வழக்கு முடிவடையும். செலுத்தாவிட்டால் விவகாரம் நீதிமன்றத்திற்குச் செல்லும். எது நல்லது என்பதைத் தொகையையும் சான்றுகளின் வலிமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதால், நோட்டீஸைக் கண்ணால் பார்க்காமல் நான் அதைப் பற்றிக் கருத்துக் கூற இயலாது.

லோரிக்காரரிடம் கொடுத்த 250 ரிங்கிட்டை, முறையாக அகற்றுவதாகச் சொல்லி ஏமாற்றினார் என்ற அடிப்படையில் நீங்கள் திரும்பக் கேட்கலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்ய முடியும்; அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எங்கேயாவது கொட்டிவிடட்டும் என்பதே உங்கள் இருவருக்குமான ஏற்பாடாக இருந்திருந்தால், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தமே செல்லாது. ஒரு காசும் கேட்க முடியாது.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்களைப் போன்ற நிலையில் உள்ளவர்களுக்கு அது அபராதத்தைவிட முக்கியமானது. நீங்கள் லோரியில் ஏற்றிய பொருட்களில் பெரும்பகுதியை அந்த லோரியில் ஏற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாளிதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா" என்று அழைத்தபடி தெருவில் வரும் பழைய பேப்பர் லோரிக்காரரோ, அருகிலுள்ள மறுசுழற்சி மையமோ எடைபோட்டு உங்களுக்குத்தான் பணம் கொடுத்திருப்பார்கள். தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் மின்னணுக் கழிவு. அவற்றில் ஈயமும் வெப்பத்தைத் தக்கவைக்கும் வாயுக்களும் இருப்பதால், அவற்றை ஏற்கும் சேகரிப்பு மையங்களில்தான் ஒப்படைக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறை அத்தகைய மையங்களின் விவரங்களை வெளியிட்டுள்ளது. மெத்தையையும் அலமாரிகளையும் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துச் செல்வது வழக்கமான சேகரிப்புச் சேவையின் ஒரு பகுதி. கோலாலம்பூரில் அந்தப் பணியைச் செய்யும் அலாம் ஃப்ளோரா நிறுவனத்தின் லோரி வாரத்தில் இருமுறை வீட்டுக் குப்பைக்கு வருகிறது. வாரத்தில் ஒருமுறை மறுசுழற்சிப் பொருட்கள், பருமனான பொருட்கள், தோட்டக் கழிவு ஆகியவற்றுக்கு வருகிறது. அந்த நாள் எது என்று உங்கள் தாமானில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர்த்த டைல்ஸ் மட்டுமே இவற்றில் சேராது. அது கட்டுமானக் கழிவு என்பதால், வீட்டைச் சீரமைத்த குத்தகையாளர் ரோரோ தொட்டி (லோரியில் ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி) வைத்து உரிமம் பெற்ற தளத்திற்கு அனுப்பியிருக்க வேண்டும்; அடுத்த முறை அதைக் குத்தகையிலேயே எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

மறுசுழற்சி மையத்திற்குச் செல்வதைப் பலர் சமூக சேவையாக மட்டும் கருதுகிறார்கள். வழக்கறிஞன் என்ற முறையில் நான் அதைப் பாதுகாப்பாகவும் பார்க்கிறேன். அங்கே ஒப்படைக்கப்பட்ட பொருள் எங்கே சென்றது என்ற கேள்விக்கு விடை உண்டு. எடை எழுதிய சீட்டோ ஒரு புகைப்படமோ உங்கள் கையில் இருக்கும். வீட்டிலிருந்து வெளியேறும் ஒரு பொருளைப் பற்றி மூன்று வாரம் கழித்து அதிகாரி கேட்கும்போது, அந்தச் சீட்டுக்கு ஈடான பதில் வேறில்லை. கூலிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், அவருடைய உரிம நகல், லோரி எண், கொட்டும் தளத்தின் ரசீது ஆகிய மூன்றையும் கேளுங்கள். தரத் தயங்குபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் சட்டம் 672 அமலில் உள்ள பகுதிகளில் கட்டாயம் என்பதும், தரம் பிரிக்கத் தவறினால் 74-ஆம் பிரிவின்கீழ் 1,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதும் பலருக்கு இன்னமும் தெரியாது. சமையலறையில் ஒரு தொட்டி, மறுசுழற்சிக்கு ஒரு பை என்று பிரிப்பவருடைய பை நிறைந்தவுடன் மையத்தை நோக்கித்தான் செல்லும். பிரிக்காதவருடைய கறுப்புப் பைதான் பெரும்பாலும் காலி நிலத்திற்குப் போகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அண்டை வீட்டார் கொட்டுவதைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, திடக்கழிவு நிர்வாகக் கழகத்திடமோ கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகத்திடமோ புகார் செய்யுங்கள். அந்தப் படங்களை பெயருடன் வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ பரப்பாதீர்கள். ஆளை மாற்றிக் கருதிவிட்டால் அவதூறு வழக்கை நீங்கள் சந்திக்க நேரிடும். காலி நிலத்தின் உரிமையாளரை நில அலுவலகத்தில் தேடிக் கண்டறியலாம். அந்தக் குவியலில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு உற்பத்தியானால் சுகாதார அதிகாரிகளும் நடவடிக்கை எடுக்க முடியும். பொது இடத்தில் சிறு குப்பை வீசியதற்காகக் குற்றவாளியெனக் காணப்பட்டவருக்கு, 2026 ஜனவரி 1 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூக சேவை செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆனால் புகாருக்கு முன் உங்கள் குடியிருப்பாளர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை வையுங்கள். எந்தக் கிழமை பருமனான பொருட்களுக்கு லோரி வரும், மறுசுழற்சி மையம் எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டு அஞ்சல் பெட்டியிலும் போடச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வண்டி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் முதியவர்களின் பொருட்களை ஏற்றிக்கொண்டு மையத்திற்குச் சென்றால், வாகனமில்லாத வீடுகளுக்கு அது பேருதவியாக இருக்கும். இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. அதற்குப் பிறகும் எவரேனும் கொட்டினால், அந்தத் தாளின் நகலையும் உங்கள் புகாருடன் இணையுங்கள். வழி தெரியாமல் கொட்டினேன் என்று அவர் சொல்ல முடியாது.

வாக்குமூலத்திற்கான தேதி நெருங்கிவிட்டிருந்தால், உரிய வழக்கறிஞர் கிடைக்கும் வரை அவகாசம் கோரி எழுத்துமூலம் விண்ணப்பித்து, அந்த விண்ணப்பம் பெறப்பட்டதற்கான முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.