இடம் மாறிய கணையத் திட்டுகள் – கடிதம்

வணக்கம்,

என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை. இப்போதெல்லாம் சுகர் இறங்கினால் அவளுக்கே தெரிவதில்லை. வியர்வை, படபடப்பு எதுவும் கிடையாது. கணையத் திட்டுகளைக் கல்லீரலில் வைக்கும் சிகிச்சை பற்றி எழுதியிருந்தீர்கள். பிரித்தெடுக்கும்போதே நரம்பெல்லாம் அறுந்துவிடுமே, திரும்ப முளைக்குமா? முளைக்காவிட்டால் சுகர் இறங்குவது எப்படித் தெரியும்?

சுமதி

அன்புள்ள சுமதி,

முளைக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்து நரம்புதான் உள்ளே வரும்.

கணையத்தில் இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கூட்டம்தான் லாங்கர்ஹான்ஸ் திட்டு. ஒன்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இருக்கும். தானமாகக் கிடைத்த கணையத்திலிருந்து அவற்றைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் இறக்குகிறார்கள். முதலில் ரத்தக்குழாய்கள் உள்ளே வளரும். அவற்றை ஒட்டியே நரம்பிழைகள் வந்து சேரும். 1993இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளின் சிறுநீரகம், மண்ணீரல், கல்லீரல் மூன்றிலும் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு வரத்து இடத்துக்கு இடம் மாறியது.

எனக்கு மிகவும் பிடித்தது 2012இல் மயாமி பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட சோதனை. சுண்டெலியின் கண்ணுக்குள், கண்பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸின் மேல் திட்டுகளை வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் கண்பாவையைச் சுருக்கும் நரம்பு இருக்கிறதல்லவா, அதே நரம்பு திட்டுக்குள்ளும் கிளைத்தது. விளைவு, அறை வெளிச்சத்தை மாற்றினால் அந்தச் சுண்டெலியின் ரத்தச் சர்க்கரையும் மாறியது! கண்ணுக்கு வந்த கட்டளைக்கு இன்சுலின் செல்கள் கீழ்ப்படிந்தன.

மனிதத் திட்டு இந்த அளவுக்கு நரம்பை நம்பியிருப்பதில்லை. அதில் பரிவு நரம்புகள் (உடலைத் தானாக இயக்கும் நரம்புகளில் ஒரு வகை) பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரோடு நின்றுவிடுகின்றன. சர்க்கரையின் அளவை, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தாமே உணர்ந்து இன்சுலினைக் கூட்டும், குறைக்கும்.

குறை இருப்பது குளுக்ககானில். சுகர் இறங்கும்போது சுரந்து அதை ஏற்றிவிட வேண்டிய ஹார்மோன் அது. கல்லீரலில் வைத்த திட்டுகளிடமிருந்து அது சரியாக வருவதில்லை. நரம்பு அறுந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முழுக் கணையம் மாற்றியவர்களுக்கும் நரம்பு அறுந்ததுதான், அவர்களுக்குக் குளுக்ககான் நன்றாகவே சுரக்கிறது. கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை விடுவிப்பதால், அதற்குள்ளேயே இருக்கும் திட்டுகளுக்கு ரத்தத்தின் தட்டுப்பாடு தெரியாமல் போகிறது என்பது ஒரு விளக்கம்.

அப்படியிருந்தும் பலன் பெரிது. 2016இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரையால் அவதிப்பட்ட 48 பேரில் 42 பேர், ஓராண்டு முடிவில் அந்த ஆபத்து நீங்கி, நல்ல சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு இருந்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

வியர்வையும் படபடப்பும் வருவது தங்கையின் சொந்த நரம்புகளாலும் அட்ரினலினாலும். திட்டுக்குள் நரம்பு முளைப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அடிக்கடி சுகர் இறங்கி இறங்கியே அந்த எச்சரிக்கை மங்கிப்போகிறது. சில வாரங்கள் இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அது திரும்ப வருகிறது. அலாரம் அடிக்கும் தொடர் குளுக்கோஸ் சென்சார் பற்றி அவரது மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.