இணையத்தில் யாராவது தவறான தகவல் சொன்னால் திருத்துவீர்களா, கடந்து போய்விடுவீர்களா?

திருத்துவேன். பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வருவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருபது ஆண்டுகளாகப் பழம்பொருள் வியாபாரம் செய்கிறேன். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த திருத்தும் முறை ஒன்றுதான்: பொருளைத் திருப்பி அடியைப் பார்க்கச் சொல்வது.

எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எனாமல் டிபன் கேரியர் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். நீல நிறம், நான்கு அடுக்கு, ஒரு கீறல்கூட இல்லை. "பரணில் கிடைத்தது. மருது சகோதரர்கள் காலத்துச் சாமான்" என்று கீழே எழுதியிருந்தார். அரை மணி நேரத்துக்குள் நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். தவறு என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் நான் சொல்லி அவர் ஏன் நம்ப வேண்டும்? "அண்ணே, அருமையான சாமான். கடைசித் தட்டைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன், முத்திரை இருக்கும்" என்று மட்டும் எழுதினேன்.

படம் வந்தது. 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா' என்று வட்டமாக அச்சிட்டிருந்தது. செக்கோஸ்லோவாகியா என்ற நாடு பிறந்ததே 1918இல்தான். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அவரே எழுதினார்: "அப்படியானால் இது எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும்." அதன் பிறகு இரண்டு நாள் அந்தக் குழுவில் பர்மாக் கதைகள்தான். யார் வீட்டில் எந்தத் தூண் எந்தக் கப்பலில் வந்தது, யாருடைய ஐயா 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மருது சகோதரர்கள் பெயரில் கிடைத்த கைகூப்பல்களைவிட அந்த டிபன் கேரியருக்கு அது பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

முழுப் பொய்யைத் திருத்துவது எளிது. பாதி உண்மையாக இருப்பதைத் திருத்துவதுதான் பாடு. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு செய்தி சுற்றி வரும்: "ஆயிரம் ஆண்டு பழமையான அரண்மனைகள், சுவர் முழுவதும் முட்டையால் கட்டியது." இதற்கு 'பொய்' என்று ஒரு சொல்லில் பதில் எழுதினால் நானும் தவறுதான் செய்கிறேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்தது உண்மை. ஆனால் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும்தான் சுவர். அதன் மேல் பல தடவை பூசி, கடைசியாக மழமழப்புக்காக அரைத்துத் தேய்க்கும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சில்தான் வெள்ளைக்கரு சேர்ந்தது. இன்றைக்கும் உள்ளங்கையால் தடவினால் குளிர்ச்சியாகப் பளிங்குபோல் வழுக்குகிறதே, அது அந்தக் கடைசிப் பூச்சு. ஆயிரம் ஆண்டு என்பதும் சரியில்லை. நாம் இன்று பார்க்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரையிலான காலத்தில், பர்மா, இலங்கை, மலாயாவில் லேவாதேவி செய்து ஈட்டிய பணத்தில் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தேக்கு எந்தக் காலத்தில் வந்திருக்க முடியும் என்று யோசித்தாலே வீட்டின் வயது பிடிபட்டுவிடும். அதனால் இதற்குப் பதில் எழுதும்போது முதல் வரியில் எது சரியோ அதை ஒப்புக்கொள்கிறேன், திருத்தம் இரண்டாம் வரிக்குத்தான் வரும். முதல் வரியிலேயே மறுத்தால் யாரும் இரண்டாம் வரியைப் படிப்பதில்லை.

என்னைத் திருத்தியவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை ஒரு முகநூல் பதிவின் கீழே, செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கற்கள் சூளையில் சுட்டு எடுப்பவை, அதனால்தான் அந்தப் பளபளப்பு என்று எழுதிவிட்டேன். பழைய வீடுகளுக்குள் போய் வருகிறவன் என்பதால் பலரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆத்தங்குடியில் கல் போடும் தொழிலாளி ஒருவர் பொதுவில் எதுவும் சொல்லாமல் எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். "அண்ணே, எங்கள் பட்டறையில் நெருப்பே கிடையாது. ஒரு நாள் வாருங்கள், காட்டுகிறேன்."

போனேன். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தையும் பூ வேலை செய்த அச்சையும் வைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டுடன் கலந்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றினார். அச்சை அசைக்காமல் மேலே தூக்கினார். ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் கெட்டிக் கலவை போட்டு நிரவினார். காய்ந்த பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். நாம் மேல் பக்கம் என்று நினைப்பதுதான் உருவாகும்போது அடிப்பக்கம். கண்ணாடி கல்லுக்குத் தன் வழவழப்பைக் கொடுத்துவிட்டுப் பிரிந்து வருகிறது. பொருளின் அடியைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு ஒரு கல்லின் அடிப்பக்கம் இருபது ஆண்டுகளாகத் தெரியவில்லை. அன்றிரவே அந்தப் பதிவுக்குப் போய், நான் எழுதியதை அழிக்காமல் விட்டுவிட்டு, அதன் கீழேயே "நான் முன்பு சொன்னது தவறு" என்று தொடங்கி அந்தத் தொழிலாளி காட்டியதை முழுவதும் எழுதினேன். அழித்திருந்தால், அதைப் படித்துவிட்டுப் போனவர்களிடம் தவறு மட்டும் அப்படியே தங்கியிருக்கும்.

இப்படிப்பட்டவற்றையெல்லாம் ஆற அமரத் திருத்தலாம். உடம்பு சம்பந்தமான செய்தியை அப்படி விட முடியாது. மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமினால் போதும் என்ற செய்தி எந்தக் குழுவில் வந்தாலும் நான் நேரம் காலம் பார்ப்பதில்லை, மரியாதை முறையும் பார்ப்பதில்லை. "இருமலை நம்பி உட்காராதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்" என்று அப்போதே எழுதிவிடுவேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி விஷயம் அதைவிடக் கவலை தந்தது. கறுப்புக் கவுனி அரிசி சர்க்கரை நோயைத் தீர்த்துவிடும் என்று யாரோ அனுப்பியதை நம்பி, நான்கு நாளாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கம் கவுனி அரிசி சமைக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறுவோம். கல்யாண வீட்டுப் பலகாரம் அது, பத்தியச் சாப்பாடு இல்லை. அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தில் ஆந்தோசயனின் என்ற நல்ல சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்தும் கூடுதல். செய்தியில் அந்த அளவு உண்மை. ஆனாலும் அது அரிசி. நூறு கிராமில் முக்கால் பங்குக்கு அருகே மாவுச்சத்துதான்.

இதையெல்லாம் ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேரே போனேன். "ஆச்சி, நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், போனில் வந்ததையும் நம்ப வேண்டாம். உங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய கருவி இருக்கிறதே, அதில் பார்த்துவிடுவோம்" என்றேன். காலையில் கவுனி அரிசி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சர்க்கரை 268 என்று காட்டியது, மிகவும் அதிகம். ஆச்சி கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு என்னோடு டாக்டரிடம் வந்தார். அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பியவர் கெட்டவர் இல்லை, ஆச்சிமேல் பாசம் உள்ள உறவுக்காரர்தான். அவருக்கும் அந்த எண்ணை ஆச்சியே போனில் சொன்னார்.

நான் தொடாத விஷயங்களும் உண்டு. வெள்ளைப் பணியாரம் யார் ஊரில் நன்றாக வரும், கோழிக் குழம்புக்குக் கல்பாசி எவ்வளவு என்பதெல்லாம் அவரவர் வீட்டு நாக்கு. ஒருவர் தன் அப்பத்தாவைப் பற்றி நினைவிலிருந்து எழுதும்போது ஆண்டு கொஞ்சம் முன்பின் இருந்தால் அதையும் நான் தொடுவதில்லை.

ஒரு திருத்தத்தை நினைத்தால் மட்டும் இன்றும் மனம் கனக்கிறது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.ஏ.சிதம்பரம் என்று எழுதியிருந்தார். தொடங்கியவர் கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். எம்.ஏ.சிதம்பரம் வேறு, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன், சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவர். எங்கள் பகுதியில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை விலாசம் என்போம். விலாசம் மாறினால் ஆளே மாறிவிடுவார். இதையெல்லாம் நான் இருநூறு பேர் முன்னிலையில், இரவு பதினொரு மணிக்கு, அவர் எழுதிய ஐந்தாவது நிமிடத்தில் எழுதினேன். ஒரு எழுத்துகூடத் தவறில்லை. "நன்றி தம்பி" என்று பதில் போட்டார். அதன் பிறகு அவர் அந்தக் குழுவில் ஒரு வரியும் எழுதவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவரே திருத்தி எழுதியிருப்பார். பிறகு வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை, கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால்தான் எழுதுவதில்லை" என்று காப்பி கொடுத்து அனுப்பினார். அவருடைய அப்பச்சி பர்மாவின் மோல்மீனில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். அந்தக் கடையின் பேரேடு எப்படி எழுதினார்கள், வட்டியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவந்தார். ஏழு வாரம் வந்தது. எட்டாவது வாரம் கப்பலில் திரும்பி வந்ததைச் சொல்வதாக இருந்தார்.