அரசு கேட்டு நீக்கப்படும் பதிவுகள்: வெளிப்படைத்தன்மை அறிக்கைகள் போதுமா?

எத்தனை நீக்கக் கோரிக்கைகள் வந்தன, அவற்றில் எத்தனையை ஏற்றோம் என்று சமூக ஊடகத் தளங்கள் வெளியிடும் வெளிப்படைத்தன்மை அறிக்கைகளைப் படித்தாலே, பதிவுகளை நீக்குவதில் அரசுகளின் தலையீடு எவ்வளவு என்பது தெரிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பகுதி தெரியும். ஆனால் எனக்கு அதிகக் கவலை தரும் பகுதி அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஒரு பெரிய தளத்துக்காகப் பதிவுகளைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் திரைக்கு ஒரு பதிவு வரும், அது எந்த விதியை மீறியிருக்கலாம் என்ற குறிப்பும் வரும். ஆனால் புகார் செய்தவர் சாதாரணப் பயனரா, காவல்துறையா, அமைச்சகமா என்ற விவரம் வராது. நாங்கள் நீக்கினால், எழுதியவருக்கு ‘சமூக விதிகளை மீறியுள்ளது’ என்ற ஒரே வாசகம் போகும். புகார் செய்தவரின் தகுதி எங்கள் முடிவைப் பாதிக்கக்கூடாது என்பதால் அந்த ஏற்பாடு நியாயமானது என்றே அப்போது நினைத்தேன். பரிசீலிப்பவருக்குத் தெரியாமல் இருப்பது ஒன்று, பதிவை இழந்தவருக்கும் பொதுமக்களுக்கும் தெரியாமல் போவது முற்றிலும் வேறொன்று என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பதிவை நீக்க அரசுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சட்டப்படியான ஆணை. அதில் ஒரு சட்டப்பிரிவும் கையொப்பமிட்ட அதிகாரியும் இருப்பதால் அதை எண்ண முடியும். கூகுள் 2010 முதலும் ட்விட்டர் 2012 முதலும் வெளியிடத் தொடங்கிய அறிக்கைகள் இந்த வகையை ஓரளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இதிலும் இருள் உண்டு: இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவின்கீழ் வந்த 2009 ஆம் ஆண்டு விதிகள், முடக்கக் கோரிக்கைகளையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் ரகசியமாக வைத்திருக்கச் சொல்கின்றன.

இரண்டாவது வழியில் ஆணையே கிடையாது. ஓர் அதிகாரி, ‘இந்தப் பதிவு உங்கள் விதிகளுக்கே முரணானது’ என்று தளத்துக்கு எழுதுகிறார். தளம் தன் விதியைப் புரட்டிப் பார்த்து நீக்குகிறது. கணக்கில் அது தளத்தின் சொந்த முடிவாக ஏறிவிடுகிறது. நீதிமன்றமோ சட்டப்பிரிவோ எந்த இடத்திலும் குறுக்கே வருவதில்லை.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு லண்டனில் நடந்தது. இன்ஸ்டாகிராமில் பகிரப்பட்ட ஒரு டிரில் (ராப் இசையின் ஒரு வகை) பாடலை, மாநகரக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில், மறைமுக மிரட்டல் இருப்பதாகச் சொல்லி, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா நீக்கியது. 2022 நவம்பரில் மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வை வாரியம் அந்த முடிவை ரத்து செய்தது. அந்த விசாரணைக்காகத் தகவல் அறியும் சட்டத்தின் மூலம் வாரியம் காவல்துறையிடம் கேட்டபோது, ஓராண்டில் டிரில் இசை தொடர்பாகப் பல தளங்களுக்கும் 286 கோரிக்கைகள் அனுப்பப்பட்டதும், அவற்றில் 255 நீக்கத்தில் முடிந்ததும் தெரியவந்தது. இந்த எண்கள் எந்த நிறுவனத்தின் அறிக்கையிலிருந்தும் வரவில்லை, காவல்துறையின் கோப்பிலிருந்து வந்தன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பதிவேடு இல்லாததன் விலையை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் உணரலாம். தனக்குப் பிடிக்காத பேச்சை அடக்க, மூன்றாம் தரப்பினரை அரசு அதிகாரி மிரட்டிப் பணியவைக்கக்கூடாது என்று 2024 மே மாதம் அந்த நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அடுத்த மாதமே, கோவிட் தொடர்பான பதிவுகள் உள்ளிட்டவற்றை நீக்கும்படி தளங்களை அரசு நெருக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கை, வழக்குத் தொடுக்கும் தகுதி நிறுவப்படவில்லை என்று கூறி 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தள்ளியது. குறிப்பிட்ட நீக்கம் அரசின் அழுத்தத்தால் நிகழ்ந்ததா, தளம் தானாகவே எடுத்த முடிவா என்பதை மனுதாரர்களால் போதிய அளவு தொடர்புபடுத்திக் காட்ட இயலவில்லை என்பது அதற்கு முக்கியமான காரணம். அவர்களுடைய கருத்துகளோடு எனக்கு உடன்பாடு உண்டா என்பது இங்கே பொருட்டல்ல. உரிமை ஏட்டில் இருந்தும், அது மீறப்பட்டதற்கான தடயம் தளத்தின் உள்கோப்புகளிலும் அரசின் மின்னஞ்சல்களிலும் மட்டுமே கிடக்குமானால், பாதிக்கப்பட்டவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவார்?

அரசு புகாரே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்களையும் உடனடி உயிர் ஆபத்தையும் காவல்துறை விரைந்து தெரிவிப்பது அவசியம், புலனாய்வு நடக்கும்போது அதை வெளியில் சொல்லாமல் இருப்பதும் சரிதான். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு காலவரம்பு வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது: அரசு அமைப்பிடமிருந்து வரும் ஒவ்வொரு புகாரும் உள்ளே நுழையும்போதே அப்படிக் குறிக்கப்பட வேண்டும், பதிவை எழுதியவருக்குப் போகும் அறிவிப்பிலும் அது இருக்க வேண்டும். பதிவு நீக்கத்தில் தளங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று குடிமைச் சமூக அமைப்புகள் வகுத்து, 2021 இல் திருத்திய சாண்டா கிளாரா கோட்பாடுகள் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. நீக்கத்துக்கான காரணத்தை எழுதும்போது, புகாரின் பேரில் நடந்ததா, தளம் தானாகக் கண்டறிந்ததா என்பதைச் சொல்லியாக வேண்டும்; ஆனால் புகார் செய்தவர் யார் என்பதை மிக அவசியமானால் மட்டும் தெரிவித்தால் போதும். தனிநபருக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. அதிகாரத்தில் இருக்கும் அமைப்புக்கு அது ஏன் தேவை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உங்கள் பதிவு எதுவும் காரணம் புரியாமல் நீக்கப்பட்டிருந்தால், புகார் ஏதேனும் அரசு அமைப்பிடமிருந்து வந்ததா என்று தளத்திடம் செய்யும் மேல்முறையீட்டில் எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் சட்டம் உள்ள நாட்டில் இருந்தால், தளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை புகார்களை எந்தத் தளங்களுக்கு அனுப்பினீர்கள் என்று காவல்துறைக்கும் ஒரு மனு போடுங்கள். லண்டனில் அந்த 286 வெளிவந்தது அப்படித்தான்.